ஹோல்டான்!

லாரி ரிவர்ஸ் எடுப்பதை எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? நாமக்கல் பக்கம் வளர்ந்த எனக்கு, சின்ன வயசில் அது இலவச சினிமா.

கிளீனர் இறங்கிப் பின்னால் போய் நிற்பார். பாடியைக் கையால் தட்டிக்கொண்டே, ‘வா... வா... லெப்ட்ல ஒடி... வா... வா...’ என்று ஒரு ராகம். ஒரு முழம் பாக்கி இருக்கும்போது ‘ஹோல்டான்!’ என்று ஒரு கத்தல். வண்டி ‘புஸ்’ஸென்று பெருமூச்சு விட்டு நின்றுவிடும். வெள்ளைக்காரன் இரண்டு வார்த்தையாகச் சொன்னதை நம் ஆட்கள் ஒரே வார்த்தையாக்கி, லாரியில் ஏற்றிக் காஷ்மீர் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த ஹோல்டான் ஒரே ஒரு நொடி தாமதமாக வந்த கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2007-ம் வருஷம், ஐப்பசி மாசம். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலை. இன்றைக்கு என்.எச். 44 என்கிறோமே, அப்போது அதற்கு என்.எச். 7 என்று பெயர். ரோட்டோரத்தில், எனக்குத் தூரத்துச் சொந்தத்தில் மாமா முறையாகிற ஒருவர் ஹோட்டல் வைத்திருந்தார். லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஹோட்டல். முன்பக்கம் சுவரே இல்லாத பெரிய தாழ்வாரம். எட்டு அங்குல இரும்புத் தூண்கள் ஆறு. மேலே பாதி ஷீட், பாதி கான்கிரீட் தளம். தளத்தின் மேல் 2,000 லிட்டர் தண்ணீர் டேங்க். அதற்கு நேர் கீழே பெஞ்சு, டேபிள், நாலைந்து கயிற்றுக் கட்டில்.

ஒரு டாரஸ் லாரி ரிவர்ஸ் எடுத்தது. (பத்துச் சக்கர வண்டியை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் எங்கள் ஊரில் அது டாரஸ்தான்.) வேகம் என்று சொல்லவே முடியாது. மனுஷன் நடக்கிற வேகம். கிளீனர் அந்த நேரம் பார்த்து யாரிடமோ தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தார். ‘டங்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் ‘ஹோல்டான்’. நடுத்தூண் வளைந்துவிட்டது.

டிரைவர் நல்ல மனிதர். இறங்கி வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், 2,000 ரூபாயை எடுத்து நீட்டினார், போய்விட்டார். மாமா எனக்குப் போன் போட்டார்.

நான் சிவில் இன்ஜினீயரிங் படித்தவன். சொந்தக்காரர்கள் வீட்டில் எந்தச் சுவரில் விரிசல் விழுந்தாலும் என்னைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, ‘நம்ம மாப்ளை இன்ஜினீரு’ என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்வார்கள். போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். முப்பது பேராவது இலை முன்னால் இருந்தார்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தூண் உள்பக்கமாக நாலு விரற்கடை வளைந்திருந்தது. தட்டிப் பார்த்தேன். எதற்குத் தட்டினேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

‘‘என்னுங்க மாப்ளே, ஆபத்து ஒண்ணுமில்லீங்களே?’’

‘‘கூரை எங்கயும் எறங்கலீங்க மாமா. கேஸ் வெச்சுக் காய வெச்சு நிமித்திக்கலாம். பெயிண்ட் அடிச்சுட்டா தெரியாது.’’

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

காய வைத்து நிமிர்த்துவதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் தெருவுக்குத் தெரு. ஆக்ஸிடென்ட் ஆகி முறுக்கிக்கொண்டு வருகிற சேஸிஸை நூல் பிடித்தாற்போல நிமிர்த்திக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவர் கேஸ் செட்டோடு வந்து இறங்கினார். வயசு அறுபது இருக்கும். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது.

நான் வளைந்த இடத்தைத்தானே பார்த்தேன்? அவர் அதைப் பார்க்கவே இல்லை. முதலில் அண்ணாந்து தண்ணி டேங்கைப் பார்த்தார். அப்புறம் குனிந்து தூண் தரையில் நிற்கிற இடத்தைப் பார்த்தார். அப்புறம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

‘‘தம்பி, காய வெக்கறதை அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல சாப்பிடறவீங்களை அந்தப் பக்கம் எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க. டேங்குத் தண்ணியத் தொறந்து உடுங்க. அப்பறம் முட்டுக் குடுக்கோணும்.’’

‘‘அட, நாலு விரக்கடைதானுங்களே மேஸ்திரி!’’

‘‘வளைஞ்சது நாலு விரக்கடைதானுங்க. மேல இருக்கற தண்ணிக்கு அது தெரியுமுங்களா?’’

எனக்குக் கோபம்தான் வந்தது. மாமா முன்னால் என்னை மட்டம் தட்டுகிறாரே என்று. ஆனால் மாமா மேஸ்திரி பேச்சைத்தான் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இலையோடு எழுந்து புளியமரத்தடிக்குப் போனார்கள். டேங்கைத் திறந்துவிட்டதில் வாசலெல்லாம் வெள்ளம். லாரி ஜாக்கி இரண்டு, கனமான குழாய் இரண்டு கொண்டுவந்து, தளத்துக்கு அடியில் உத்தரத்தை இரண்டு பக்கமும் தாங்கி முட்டுக் கொடுத்தார். ஜாக்கியை ஏற்ற ஏற்ற, மேலே எங்கேயோ ‘க்ரீச்’ என்று ஒரு முனகல். பாரம் தூணைவிட்டு ஜாக்கிக்கு மாறிய சத்தம்.

அப்புறம் உளியை எடுத்து, தூணின் காலடியில் பூசியிருந்த சிமென்ட்டைக் கொத்திப் பெயர்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தூணையும் அடித்தகட்டையும் சேர்க்கிற வெல்டிங் மூன்று பக்கம் விட்டிருந்தது. நாலாவது பக்கம் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பாதி.

நான் சொன்னபடி கேஸ் வைத்திருந்தால்? முப்பது பேர் தலைக்கு மேல் இரண்டு டன் தண்ணீரும் கான்கிரீட் தளமும்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்த புத்தகங்களையெல்லாம் தேடி எடுத்தேன். மேஸ்திரி சொன்னதெல்லாம் அதில் இருந்தது. நான்தான் பரீட்சைக்குப் படித்துவிட்டு மூடி வைத்திருந்தேன்.

* * *

அதைக் கொஞ்சம் உங்களிடமும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஓடுகிற வண்டிக்குள் ஒரு சக்தி இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சக்தி நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இது மனசில் பதிய வேண்டுமென்றால், வேகத்தை உயரமாக மாற்றிப் பாருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவது என்பது, அந்த வண்டியை 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். 10 கிலோமீட்டர் வேகம் என்றால் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 14 மீட்டர், அதாவது நாலு மாடிக்கும் மேலே இருந்து.

10 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். போடுவது எதை? அன்றைக்குப் பத்துச் சக்கர லாரிக்கு, லோடோடு சேர்த்து அனுமதித்த எடை 25 டன். (2018-ல் மத்திய அரசு அதை 28.5 டன்னாக உயர்த்தியது.) 25 டன்னை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தூக்கி உங்கள் கட்டைவிரலில் போட்டால் தெரியும் சேதி.

அடுத்த விஷயம், முட்டை. நாமக்கல்காரனிடம் முட்டை உதாரணம் இல்லாமல் இருக்குமா? உங்களை நோக்கி ஒருவர் முட்டையைத் தூக்கிப் போடுகிறார். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் உடைந்துவிடும். முட்டை வர வர கையையும் கூடவே பின்னால் இழுத்துப் பிடித்தால் உடையாது. ஏன்? அதே சக்தியைத்தான் இரண்டு தடவையும் நிறுத்துகிறீர்கள். ஆனால் நிறுத்துகிற தூரம் கூடினால் அடியின் பலம் குறைகிறது.

லாரிக்கும் இதே கணக்கு. 5 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற 25 டன் லாரியை ஒரு சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமென்றால், 250 டன் பலத்தோடு எதிர்த்து நிற்க வேண்டும். 10 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் 25 டன் போதும். 20 சென்டிமீட்டர் என்றால் பன்னிரண்டரை டன்.

எட்டு அங்குல ‘ஐ’ பீம் ஒன்றை நாலு மீட்டர் உயரத் தூணாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அதன் பலமான பக்கத்தில் தள்ளினால், எட்டு ஒன்பது டன்னிலேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். பலவீனமான பக்கம் என்றால் இன்னும் மோசம். ஸ்கேலைத் தட்டையாகப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். செங்குத்தாக நிறுத்தி வளைத்துப் பாருங்கள், அசையாது. ஐ பீமும் அப்படித்தான். எட்டு அங்குல பீமில் ஒரு பக்கத்து விறைப்பு இன்னொரு பக்கத்தைவிடச் சுமார் 15 மடங்கு. எங்கள் ஹோட்டல் தூண் அடி வாங்கியது பலமான பக்கத்தில். டிரைவர் காலும் பிரேக்கில் இருந்திருக்கிறது. அதனால்தான் நாலு விரற்கடையோடு போயிற்று.

இங்கேதான் இரும்பின் பெரிய மனசைச் சொல்ல வேண்டும். அது வளைகிறதே, அது தோற்றுப்போனதாக அர்த்தம் இல்லை. லாரியின் சக்தியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் நாலு தடவை வளைத்துவிட்டு, வளைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். நீங்கள் கொடுத்த சக்தியைத்தான் அது சூடாக மாற்றியிருக்கிறது. கல்தூண் இப்படிச் செய்யாது. தாங்கும், தாங்கும், பட்டென்று உடையும். இரும்பு வளைந்து, ‘எனக்கு அடிபட்டிருக்கிறது, கவனி’ என்று சொல்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? பெயிண்ட் அடிக்கிறோம்.

வளைந்த தூணுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கிற பெண், கழுத்தை நேராக வைத்திருக்கிறவரைக்கும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார். கழுத்து கொஞ்சம் சாய்ந்தால்? அதே குடம்தான், ஆனால் கழுத்து முறிந்துவிடும் போல வலிக்கும். எங்கள் தூணின் தலையில் நாலு டன் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நேராக இறங்கினவரை பிரச்னை இல்லை. எட்டு சென்டிமீட்டர் விலகிய பிறகு, 320 கிலோவை ஒரு மீட்டர் நீளக் கட்டையின் நுனியில் தொங்கவிட்ட அளவுக்கு ஒரு வளைப்பு, ராத்திரி பகல் இல்லாமல் தூணின்மேல். அதனால் தூண் இன்னும் கொஞ்சம் வளையும். வளைந்தால் விலகல் கூடும். விலகல் கூடினால் வளைப்பு கூடும். கந்துவட்டி மாதிரி. லாரி என்றைக்கோ போய்விட்டது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அதில் போய் நெருப்பு வைத்தால்? 600 டிகிரி சூட்டில், அதாவது இரும்பு மங்கலாகச் சிவக்கிற நேரத்தில், அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். காய வைத்து நிமிர்த்துவது தப்பு இல்லை. வெளிநாடுகளில் லாரி இடித்த பாலத்து இரும்பு பீம்களையே அப்படித்தான் நிமிர்த்துகிறார்கள், சூடு 650 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு. ஆனால் பாரத்தை இறக்காமல் தூணைக் காய வைப்பது, குடத்தோடு நிற்கிறவரின் காலை வாரிவிடுவது. பட்டறையில் சேஸிஸைக் காய வைக்கும்போது அதன்மேல் லோடு இருக்காது. அந்த வித்தியாசம் மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

* * *

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. ரோட்டில் போனால் தூண்களைத்தான் பார்க்கிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் நீங்களும் ஒருநாள் பாருங்கள். இரும்புத் தூண்களில் மூன்று ஜாதி இருக்கிறது.

முதல் ஜாதி, அடி வாங்குவதற்கென்றே நிற்பவை. ரோட்டின் ஓரத்தில் நெளி நெளியாக ஓடுகிறதே இரும்புத் தகட்டுத் தடுப்பு, அதைத் தாங்கும் குட்டைத் தூண்கள். இரண்டு மீட்டருக்கு ஒன்று, வெறும் 5 மில்லிமீட்டர் கனம். மண்ணுக்குள் 1.1 மீட்டர், வெளியே 70 சென்டிமீட்டர். இவ்வளவு மெல்லிசா, கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டாரா என்று நான்கூட நினைத்திருக்கிறேன். இல்லை. அது வளைய வேண்டும். ஒன்று வளைந்து, அடுத்தது வளைந்து, காரை மெதுவாக ரோட்டுக்கே திருப்பிவிட வேண்டும். முட்டை பிடிக்கிற கை அது. (பைக்கில் விழுகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தூணே எமன். அவர்கள் வேகத்தைக் குறைத்துப் போவதுதான் நல்லது.)

ரயில்வே கேட்டுக்கு முன்னால், இரண்டு பக்கமும் தூண் நட்டுக் குறுக்கே கட்டை போட்டிருப்பார்களே, அதுவும் இந்த ஜாதிதான். தரையிலிருந்து 4.67 மீட்டர். வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு வருகிற லாரி அதில் முட்டினால் டிரைவர் திட்டுவார். திட்டட்டும். அது இல்லாவிட்டால் பாரம் முட்டப்போவது 25,000 வோல்ட் கம்பியில்.

இரண்டாவது ஜாதி, தலையில் விளக்கையோ போர்டையோ மட்டும் சுமப்பவை. இது விழுந்தால் ஒரு பல்ப் போகும். ஆனால் விறைப்பாக நின்றால் காரில் வருகிறவர் போய்விடுவார். இதைப் புரிந்துகொண்டு, அமெரிக்காவில் 1960-களிலேயே காலடியில் நழுவுகிற கம்பங்களைச் செய்தார்கள். இரண்டு தகடுகளை போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். காற்றுக்கு அசையாது. கார் இடித்தால் போல்ட் நழுவிக் கம்பம் கழன்று, காருக்கு மேலாகப் பல்டி அடித்துப் பின்னால் விழும். விமான நிலையங்களில் ஓடுபாதை ஓரத்து விளக்குகள் உடையக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க விதி. ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறதே எங்கள் சேலம் விமான நிலையம், அதற்கும் அதே விதிதான். ஆனால் ஜனங்கள் நடமாடுகிற கடைவீதியில் இந்த வித்தை கூடாது. கழன்ற கம்பம் நடந்து போகிறவர் தலையில் விழும். மின்சாரக் கம்பி சுமக்கிற கம்பத்துக்கும் கூடாது. இடம் பார்த்துத்தான் பணிவு காட்ட வேண்டும்.

மூன்றாவது ஜாதிதான் முக்கியம். மனுஷர்கள் தலைக்கு மேல் கூரையையோ பாலத்தையோ சுமக்கிற தூண். இது பணியவும் கூடாது, உடையவும் கூடாது. அதனால் இதை நெருங்கவே விடக்கூடாது. ரோட்டுக்கு மேலே போகிற பாலத்தின் தூணுக்கு இந்திய ரோடு காங்கிரஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. (கட்சி இல்லை சார், 1934-ல் ஆரம்பித்த இன்ஜினீயர்கள் அமைப்பு.) ரோட்டின் போக்கில் 100 டன், குறுக்கே 50 டன். முக்கால் மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள் இந்த மோதல் பலத்தைத் தாங்குகிற மாதிரி தூண் இருக்க வேண்டும் என்கிறது அவர்கள் விதி. லாரி பம்பரும் சேஸிஸும் இருக்கிற உயரம் அது. எங்கள் மாமா ஹோட்டல் தூணின் எட்டு ஒன்பது டன்னை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது நம் ரோட்டோரத்தைப் பாருங்கள். விளக்குக் கம்பத்துக்கு இடுப்பளவு கான்கிரீட் திண்டு கட்டி இருக்கும். கூரையைச் சுமக்கிற ஹோட்டல் தூணும், எடை மேடைத் தூணும், கோழித்தீவன கோடவுன் தூணும் மொட்டையாக நிற்கும். மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் மட்டும் உண்டு. பணிய வேண்டியது விறைக்கிறது. காக்க வேண்டியதைக் காக்க ஆள் இல்லை.

இரும்பு எங்களுக்குப் புதுசு இல்லை. கஞ்சமலையில் இருப்பது இரும்புத் தாது. 1830-களிலேயே ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். சேலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தெரியாத கல்யாண வீடு உண்டா? இரும்பை உருக்கத் தெரியும், வெட்டத் தெரியும், பாடி கட்டத் தெரியும். அடிபட்ட இரும்பின் பேச்சைக் கேட்க மட்டும் நமக்குப் பொறுமை இல்லை.

நாமக்கல் ஆஞ்சநேயர் கெட்டிக்காரர். 18 அடி உயரத்தில் நிற்கிறார். கூரையே வேண்டாம் என்று வெட்டவெளியில் நிற்கிறார். தூண் கவலை கிடையாது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லையே.

* * *

2024 மார்ச் 26-ம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் பாலம் விழுந்ததை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். கரன்ட் போன ஒரு சரக்குக் கப்பல், பாலத்தின் கான்கிரீட் தூணில் போய் மோதியது. கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நம் இந்தியர்கள். 1977-ல் திறந்த பாலம். கட்டினபோது ஓடிய கப்பல் வேறு, மோதிய கப்பல் வேறு. எங்கள் ரோட்டில் 25 டன் 28.5 டன் ஆனது மாதிரி. ஒரு தூண் போனது, சில நொடிகளில் பாலத்தின் நடுவில் இருந்த இரும்புச் சட்டப் பகுதி மொத்தமும் சரிந்தது.

அதில் என்னை நெகிழ வைத்தது வேறு. மோதுவதற்கு முன்னால் கப்பலிலிருந்து அபாயத் தகவல் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் உடனே பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பாலத்தின்மேல் ரோடு வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்த ராத்திரி அந்தப் பாலத்தில் ஏறியிருக்க வேண்டிய மற்றவர்கள் பிழைத்தார்கள். தூணைக் காப்பாற்ற நேரம் இருக்கவில்லை. ஆளை விலக்க இரண்டு நிமிஷம் கிடைத்தது. அதை அவர்கள் வீணாக்கவில்லை.

எங்கள் மேஸ்திரி செய்ததும் அதைத்தான். ‘‘மொதல்ல சாப்பிடறவீங்களை எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க.’’

உங்கள் கடையிலோ, ஷெட்டிலோ, கோழிப்பண்ணையிலோ ஒரு தூணை ஒரு வண்டி இடித்துவிட்டால், தயவுசெய்து இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழே இருக்கிற ஆட்கள் விலக வேண்டும். அப்புறம் மேலே இறக்கக்கூடிய பாரத்தை இறக்க வேண்டும், தண்ணீரோ மூட்டையோ. முட்டை, விஷயம் தெரிந்தவரை வைத்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் வேறு ஆள் நிற்காமல். அதற்குப் பிறகு காலடியில் சிமென்ட்டைப் பெயர்த்து வெல்டிங்கையும் போல்ட்டையும் பார்க்க வேண்டும். நிமிர்த்துவதா மாற்றுவதா என்ற பேச்சு அதற்கும் அப்புறம். பெயிண்ட் டப்பா கடைசி.

இடிக்காமல் இருக்க? தூணுக்கு இரண்டடி தள்ளி, கான்கிரீட் ரொப்பின குட்டைக் குழாய் இரண்டு. தூணை ஒட்டி வைக்காதீர்கள். குழாய் வளைந்தால் தூணில் போய் இடிக்கும், வைத்ததே வீண். ரிவர்ஸ் வருகிற இடத்தில் பின் சக்கரம் தட்டி நிற்க, தரையில் ஒரு கட்டை. சக்கரத்துக்கு அப்பால் பாடி ஆறடி, ஏழடி நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் கணக்கில் வைத்துத் தள்ளிப் போட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஆகிற செலவு, ஒரு புதுத் தூண் நிறுத்துகிற செலவில் பாதிகூட வராது.

எங்கள் மாமா அன்றைக்குத் தூணை நிமிர்த்தவில்லை. மேஸ்திரி சொல்படி புதுசாகவே மாற்றிவிட்டார். முன்னால் இரண்டு குட்டைக் குழாயும் நட்டார். மேஸ்திரி இப்போது இல்லை. அவர் இருந்தவரை, என்னைப் பார்த்தால் ‘‘இன்ஜினீர் தம்பி, சௌக்கியமுங்களா?’’ என்று கேட்பார். அந்த மதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அது இன்னும் சுடும்.

போன மாசம் அந்த வழியாகப் போனபோது இறங்கினேன். மாமாவின் மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறார். சாப்பாட்டு நேரம், கூட்டம். தூண் வழவழவென்று நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. முன்னால் இருக்கிற குட்டைக் குழாய்களைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று ரோட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றின் வயிறு ஒடுங்கியிருக்கிறது. மேலெல்லாம் பெயிண்ட் உராய்வு. பச்சை, ஆரஞ்சு, நீலம், பிரவுன். எந்தெந்த ஸ்டேட் லாரியோ.

எண்ணிப் பார்த்தேன். பதினொரு கலர். கிளீனர் பதினொரு தடவை ஹோல்டான் சொல்ல மறந்திருக்கிறார். உள்ளே யாரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.